வல்லை வெளி ஏன் ஆளில்லாமல் கிடக்குது? தொண்டைமானாறு, உப்பாறு தரவைகளின் நிலமும் வரலாறும்

வளலாய்க்காற்று:
அச்சுவேலிப் பக்கத்தாலை வல்லைப் பாலம் தாண்டி நெல்லியடிக்குப் போற றோட்டிலை நிண்டு பாத்தால் இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டின மட்டும் வெளி. ஒரு பரப்புக் காணிக்கு வழக்குப் பேசுற யாழ்ப்பாணக் குடாநாட்டின்ரை நடுவிலை இவ்வளவு நிலம் வீடு, வளவு, வேலி ஒண்டுமில்லாமல் கிடக்குது. காரணம் கேட்டால் மூண்டு விதமாய்ச் சொல்லுகினம். முனி உலாவுற இடம் எண்டு ஒரு கதை. போராலை வெறுமையாப் போச்சுது எண்டு இன்னொண்டு. உப்பு எண்டு மூண்டாவது. தரம் 11 புவியியல் ஒப்படைக்கு உதவுற மாதிரி, விஷயம் தெரிஞ்ச ஆக்கள் அளவு, ஆண்டு, காரணத்தோடை எழுதுங்கோ. புத்தகத்திலை இருக்கிற "உவர் நிலம்" எண்ட ஒரு சொல்லோடை இது முடியிற விஷயம் இல்லை எண்டு நினைக்கிறன்.

அளவைச்சங்கிலி:
நல்ல கேள்வி. முதலில் வரைபடத்தைச் சரியாகப் பிடித்துக்கொள்வோம், பிறகு காரணத்துக்கு வரலாம்.

குடாநாட்டை ஒரே தட்டையான சுண்ணக்கல் மேடை என்று எண்ணிக்கொண்டுதான் பலரும் பேசுகிறார்கள். உண்மையில் அந்த மேடையில் இரண்டு நீண்ட பள்ளங்கள் இருக்கின்றன. ஒன்று தொண்டைமானாற்று வாயிலில் தொடங்கித் தெற்கே வல்லை வரை வந்து, அங்கிருந்து தென்கிழக்காகத் திரும்பி, கப்பூது, முள்ளி வழியாக வடமராட்சி கிழக்கின் பின்புறம் நெடுகப் போகிறது. வடமராட்சிக் கடல்நீரேரி என்றும் தொண்டைமானாறு ஏரி என்றும் சொல்வது இதைத்தான். மற்றது உப்பாறு. செம்மணிக்கும் நாவற்குழிக்கும் இடையில் யாழ்ப்பாணக் கடல்நீரேரியில் வாய் வைத்து, கோப்பாய், நீர்வேலி, புத்தூர் ஆகிய ஊர்களின் கிழக்கு ஓரமாக வடக்கே ஏறுகிறது. புத்தூர் – மீசாலை வீதியில் வண்ணாத்திப் பாலத்தில் நீங்கள் கடப்பது இந்தப் பள்ளத்தை.

பரப்பைச் சொன்னால்தான் அளவு விளங்கும். வடமராட்சி ஏரியின் நீர்ப்பரப்பு ஏறத்தாழ 77 சதுர கிலோமீற்றர், அதற்கு மழைநீர் தரும் நிலம் ஏறத்தாழ 298 சதுர கிலோமீற்றர். உப்பாற்றுக்கு நீர்ப்பரப்பு 26, நீர்தரு நிலம் 220. குடாநாடு முழுவதும் ஆயிரம் சதுர கிலோமீற்றர் அளவுதான். ஆக, பாதி யாழ்ப்பாணத்தின் மழை இந்த இரண்டு பள்ளங்களைத் தேடித்தான் ஓடுகிறது. வல்லை வெளி, கப்பூது வெளி, முள்ளி வெளி, வாதரவத்தை வெளி எல்லாம் இந்தப் பள்ளங்களின் ஓரங்கள். மாரியில் ஏரி, கோடையில் வெளி.

ஊர்கள் எங்கே நிற்கின்றன என்று பாருங்கள். உடுப்பிட்டி, கரணவாய், இடைக்காடு, புத்தூர், மட்டுவில் எல்லாம் மேட்டில். பள்ளத்துக்குள் தெரிகிற குடியிருப்பு அந்தணத்திடல் மாதிரி ஒரு திடலில்தான் இருக்கும். வலிகாமத்தின் உயரமான இடமே கடல்மட்டத்திலிருந்து பத்து மீற்றர் அளவில்தான் வரும். வெளியோ ஒரு மீற்றரை ஒட்டிய உயரம். அந்த ஒன்பது மீற்றர் வித்தியாசத்தில்தான் தோட்டமும் குடியும் நிற்கின்றன.

பழந்தாள்:
போரால் வெறுமையானது என்பது இந்த வெளிகளுக்குப் பொருந்தாது. முகமாலை, ஆனையிறவுப் பக்கம் கண்ணிவெடியால் ஊர் வெறுமையானது உண்மை. அது வேறு நிலம், வேறு வரலாறு. வல்லை வெளி போருக்கு நூற்றாண்டுகளுக்கு முன்பும் வெளிதான். பெயர்களே சாட்சி. ஆள் குடியிருந்த நிலத்துக்கு வளவு, குறிச்சி, பற்று என்று பெயர் வரும். இங்கே உள்ள பெயர்கள் வெளி, தரவை, பரவை, பிட்டி, திடல். தரவை என்றால் மாடு மேயும் உவர்ப்புல் நிலம். பரவை ஆழமில்லாமல் பரந்து நிற்கும் நீர். பிட்டி மணல்மேடு. நிலத்தின் தன்மையைப் பார்த்து வைத்த பெயர்கள் இவை.

தொண்டைமானாறு என்ற பெயருக்கு 1736 அளவில் மயில்வாகனப் புலவர் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலை ஒரு மரபைச் சொல்கிறது. சோழநாட்டிலிருந்து வந்த கருணாகரத் தொண்டைமான், கரணவாய், வெள்ளைப்பரவை முதலிய இடங்களில் தானாக விளையும் உப்பை ஏற்றிப்போக வசதியாக, மரக்கலம் வந்து நிற்கும்படி அந்த வாயை வெட்டி ஆழப்படுத்தினான் என்பது கதை. மரபை மரபாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். தொண்டைமான் வந்த ஆண்டை அதிலிருந்து கணக்கிட முடியாது. ஆனால் பதினெட்டாம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்தாருக்கு இந்த வெளி உப்பு விளையும் நிலமாகத் தெரிந்திருந்தது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. வெறும் நிலம் என்று யாரும் அதை எண்ணவில்லை.

வளலாய்க்காற்று:
மரக்கலம் வரப் பண்ணி வெட்டினதெண்டால், அதுக்கு முதல் அது நன்னீர் ஏரியாய் இருந்திருக்குமோ?

பழந்தாள்:
வைபவமாலையை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. வெட்டுவதற்கு முன்னமே அங்கே உப்பு விளைந்தது என்றுதான் கதையே சொல்கிறது. உப்பு விளைந்ததால்தான் வெட்டினான்.

உமரிப்பற்றை:
மண்ணைப் பற்றி நான் சொல்லுறன். "உவர் நிலம்" எண்டு ஒரே சொல்லாலை முடிச்சால் ஒப்படைக்குக் காணும், நிலத்துக்குக் காணாது.

வலிகாமத்துச் செம்பாட்டு மண் தண்ணியைக் கீழ விடும். வெளியிலை கிடக்கிறது சாம்பல் நிற வண்டல், சிப்பி கலந்தது, களி கூடினது. அதிலை மூண்டு சாதி இருக்கு, கண்ணாலையே பிரிக்கலாம்.

சித்திரை வெயிலிலை வெள்ளைப் பொருக்குப் படிஞ்சு, காலுக்குக் கீழ பொறுபொறுவெண்டு உடைஞ்சால் அது உப்பு மண். கழுவினால் திருந்தும். கறுப்பாய், எண்ணெய் பூசினது மாதிரிப் பொருக்கு, மழை பெஞ்சால் குழம்பிச் சேறாய் நிண்டு தண்ணி இறங்காமல் கிடந்தால் அது சோடியம் ஏறின மண், களர் எண்டு சொல்லுறது. காரகாடித்தன்மை (pH) 8.5க்கு மேல போகும். அதை வெறும் தண்ணியாலை கழுவினால் இன்னும் இறுகும். மூண்டாவது இரண்டும் கலந்தது, வெளியிலை கனக்க இருக்கிறது அதுதான்.

செடியும் சொல்லும். உப்பைத் தாங்குற உமரிச்செடி மட்டும் சிவந்து நிண்டால் நெல்லை மறந்துபோடலாம். கோரை வந்தால் தண்ணி நிக்குது, உப்புக் குறையுது. அறுகு ஓரத்திலை இருந்து உள்ளுக்கு நடந்து வாற இடம்தான் வரம்பு கட்டத் தொடங்கக்கூடிய இடம்.

அளக்கிற முறை: மண்ணை ஒரு ஆழத்திலை எடுக்காதேங்கோ. 0–15, 15–30, 30–60 சென்ரிமீற்றர் எண்டு மூண்டு தட்டு, ஒரு வயலிலை குறைஞ்சது ஐஞ்சு இடம். நிழலிலை காயவிட்டு அரிச்சு, 20 கிராம் மண்ணுக்கு 100 மில்லிலீற்றர் வடிநீர். ஒரு மணித்தியாலம் இடைக்கிடை குலுக்கி, அரை மணித்தியாலம் அடைய விட்டு மேல் தண்ணியிலை, உப்பு எவ்வளவு எண்டு காட்டுற மின்கடத்துதிறன் மீற்றரை வையுங்கோ. வாற எண்ணை மண்ணுக்கேற்ற மாதிரிப் பெருக்க வேணும்: மணல் கலந்த மண்ணுக்கு 14 அளவு, மணலும் களியும் கலந்த இருவாட்டிக்கு 9.5 அளவு, கடும் களிக்கு 6 அளவு. வாறது டெசிசீமன்ஸ் (dS/m) கணக்கு. 4க்கு மேல போனால் உப்பு மண் எண்டு வகைப்படுத்துவினம். நெல்லு 3 வரைக்கும் தாங்கும், அதுக்கு மேல ஒவ்வொரு டெசிசீமன்ஸுக்கும் விளைச்சல் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்காய் விழும். வெங்காயம் 1.2, மிளகாய் 1.5இலேயே சுணங்கத் தொடங்கும். அதுதான் தோட்டக்காறர் வெளிக்குள்ளை இறங்காததுக்குக் காரணம்.

உதாரணம்: இருவாட்டி மண், மீற்றர் 0.8 காட்டுது. 9.5ஆலை பெருக்க 7.6. நெல்லின்ரை எல்லை 3ஐக் கழிக்க 4.6. அதைப் பன்னிரண்டாலை பெருக்க 55. விளைச்சலிலை பாதிக்கு மேல போச்சுது.

கனபேர் விடுற பிழை இரண்டு. ஒண்டு, வடிநீருக்குப் பதிலாய்க் கிணத்துத் தண்ணியிலை கரைக்கிறது. கிணத்தின்ரை உப்பும் சேர்ந்து வரும். மற்றது, மார்கழியிலை மண் எடுக்கிறது. மழை மேல்தட்டைக் கழுவிப்போட்டிருக்கும், "மண் நல்லாய் வந்திட்டுது" எண்டு சந்தோசப்படுவினம். நிலத்தடி நீர் ஒண்டரை மீற்றருக்குள்ளை நிக்கிற இடத்திலை மாசி, பங்குனியிலை அந்த உப்பு முழுக்கத் திரும்ப மேல ஏறும். புரட்டாதியிலை, முதல் மழைக்கு முன்னம் எடுத்தால்தான் உண்மை தெரியும்.

மட்டுவில் வரம்பு:
உமரிப்பற்றை அண்ணை சொன்னதோடை ஒண்டு சேர்க்க வேணும். வெளியின்ரை ஓரத்திலை நெல்லு விளையாமல் இல்லை. வாதரவத்தை, கப்பூது, சரசாலைப் பக்கம் மழையை நம்பிக் காலபோகம், அதாவது மாரி நெல்லு, செய்யினம். ஆனால் ஒழுங்கு பிழைச்சால் விதைநெல்லும் திரும்பி வராது.

ஒழுங்கு இதுதான். ஆவணி, புரட்டாதியிலை புழுதி உழவு. ஆழமாய் உழக் கூடாது. கீழ்த்தட்டு உப்பு மேல வந்திடும். வரம்பை ஒண்டரை அடிக்குக் குறையாமல் கட்டி அடிச்சு இறுக்க வேணும், நண்டு வளை இருந்தால் தோண்டிக் களி வைச்சு அடைக்க வேணும். ஒரு நண்டு வளை ஒரு இரவிலை ஒரு பாத்தியையே வத்தப் பண்ணும். வெளிப்பக்கம் உவர்த்தடுப்பு வரம்பு தனியாய் வேணும். ஏரித்தண்ணி ஏறேக்கை வயலுக்குள்ளை வராமல் காக்கிறது அதுதான்.

முதல் பெருமழையைக் கட்டி வைச்சிருக்கிறதுதான் பெரிய பிழை. முதல் தண்ணி மேலே கிடந்த உப்பையெல்லாம் கரைச்சு வைச்சிருக்கும். இரண்டு நாள் நிறுத்தி, பிறகு வெட்டி வடிச்சு விட வேணும். இரண்டாம் மழையும் அப்படித்தான். மூண்டாம் மழையைத்தான் பயிருக்கு வைச்சிருக்கலாம்.

குழையை மண்ணுக்குள்ளை தாழ்க்கிற பழக்கத்தை விட்டதாலையும் நிலம் கெட்டது. பூவரசங்குழை, பனையோலை, சணல் எல்லாம் களியை நெகிழ்த்தித் தண்ணி இறங்க வழி விடும். விதைக்கு ஏ.ரி. 354, ஏ.ரி. 401 எண்டு உவர் தாங்குற இனங்கள் விவசாயத் திணைக்களம் வெளியிட்டதுதான். பழசிலை மொட்டைக்கறுப்பன். விளைச்சல் குறைவு, ஆனால் வெள்ளமும் வரட்சியும் மாறி மாறி வந்தாலும் ஏதோ தரும். பூநகரிப் பக்கம் இண்டைக்கும் அதுக்குத் தனி மதிப்பு இருக்கு. பக்கத்து வயல் நாத்தைப் பறிச்சு நடுறதெண்டால் 30 நாள் ஆன நாத்தாய் எடுங்கோ. இளம் நாத்து உப்பிலை கருகும்.

வளலாய்க்காற்று:
கழுவினால் திருந்தும் எண்டால், எவ்வளவு தண்ணி வேணும்? குடாநாட்டு மழை 1,200, 1,300 மில்லிமீற்றர் பெய்யுதே. வருசா வருசம் கழுவுப்பட்டு இவ்வளவுக்குத் திருந்தியிருக்க வேணுமே?

உமரிப்பற்றை:
அங்கைதான் முடிச்சு இருக்கு தம்பி. பொதுக் கணக்கு என்னெண்டால், ஒரு அடி ஆழ மண்ணிலை இருக்கிற உப்பிலை முக்கால் பங்குக்கு மேல போக, ஒரு அடித் தண்ணி அந்த மண்ணுக்குள்ளாலை கீழ *இறங்கிப் போக* வேணும். மேல நிண்டு காய்ஞ்சால் கணக்கிலை வராது. மாரியிலை வெளியிலை நிலத்தடி நீர் மண்ணின்ரை முகத்துக்கே வந்திடும். அப்ப பெய்யிற மழை இறங்க இடமில்லை. மேலால ஓடும், அல்லது நிண்டு ஆவியாகும். மழை போதாமலில்லை, வடிகால்தான் இல்லை. அதாலை மூண்டு அடி ஆழ வடிகால் வாய்க்கால் வெட்டாமல், களரைத் திருத்தவெண்டு ஜிப்சம் மூடை மூடையாய்க் கொட்டினவை காசைத்தான் கொட்டினவை. வாய்க்கால் வெட்டினாலும் அது விழுற ஏரி உப்பாய், உயரமாய் நிண்டால் பலனில்லை. ஆக வயலின்ரை பிரச்சினை ஏரியின்ரை பிரச்சினை. துருசடி அண்ணை இதைப் பற்றி எழுதினால் நல்லது.

துருசடி:
எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

இந்த இரண்டு ஏரிகளையும் நன்னீராக்கும் எண்ணத்தை முழுத் திட்டமாக வரைந்தவர் நீர்ப்பாசனப் பொறியியலாளர் ச. ஆறுமுகம். ஆண்டு 1954. "யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு" என்று அதைச் சொல்வார்கள். ஆறே இல்லாத குடாநாட்டுக்கு வன்னி ஆற்றின் நீரைக் கடல்நீரேரிகள் வழியாகவே கொண்டுவருவதுதான் யோசனை. குழாயும் இல்லை, பம்பியும் இல்லை. உறுப்புகள் நான்கு:

முதலாவது, தொண்டைமானாற்று வாயிலும் அரியாலைப் பக்கம் உப்பாற்று வாயிலும் கதவு வைத்த தடுப்பணைகள். இவை 1950களின் முதற்பாதியிலேயே வந்துவிட்டன.

இரண்டாவது, ஆனையிறவு. கனகராயன் ஆறு, நெத்தலி ஆறு எல்லாம் ஆனையிறவுக்குக் கிழக்கே உள்ள ஏரியில்தான் விழுகின்றன. அந்த ஏரிக்கு நீர்தரு நிலம் ஏறத்தாழ 940 சதுர கிலோமீற்றர். குடாநாட்டு ஏரிகள் இரண்டுக்கும் உள்ளதைக் கூட்டினாலும் அதற்குக் கிட்ட வராது. மேற்கே வீதியும் தண்டவாளமும் போகிற இடத்தில் திறப்புகளை மூடினால், யாழ்ப்பாணக் கடல்நீரேரியின் உப்பு உள்ளே வராது.

மூன்றாவது, கிழக்கே சுண்டிக்குளத்தில் கடலுக்கும் ஏரிக்கும் இடையிலுள்ள மணல்திட்டில் அணையும், மிகை நீர் வழிந்து போக வானும்.

நான்காவது, முள்ளியானில் ஏறத்தாழ 4 கிலோமீற்றர் இணைப்புக் கால்வாய். ஆனையிறவு ஏரியில் நிற்கும் நன்னீர் அதன் வழியாக வடமராட்சி ஏரிக்கு இறங்கும்.

இதில் சுண்டிக்குளம் அணையை வெள்ளம் உடைத்தது, முள்ளியான் கால்வாய் முழுமையாகவில்லை. அந்த இரண்டும் இல்லாததால், முதல் உறுப்பாகிய தடுப்பணைகள் தனித்து நின்றன. மக்கள் "அணை கட்டியும் தண்ணீர் இனிக்கவில்லை" என்று சலித்துக்கொள்வது இதனால்தான். அணை பிழையில்லை. திட்டத்தின் ஒரு பகுதியை மட்டும் கட்டிவிட்டு முழுப் பலனைக் கேட்கிறோம்.

ஏன் தடுப்பணை மட்டும் போதாது என்பதற்குக் கணக்கு: வடமராட்சி ஏரிக்குரிய 298 சதுர கிலோமீற்றரில் 1,200 மில்லிமீற்றர் மழை பெய்து, ஐந்திலொரு பங்கு ஏரிக்கு ஓடி வருகிறது என்று வைத்தால் ஏறத்தாழ 7 கோடி கன மீற்றர். 77 சதுர கிலோமீற்றரில் பரப்பினால் தொண்ணூறு சென்ரிமீற்றர். அதில் முதல் பங்கு உப்பைக் கழுவிக்கொண்டு கடலுக்குப் போக வேண்டும். மிஞ்சுவது இரண்டடி என்று கொள்ளுங்கள். தை தொடங்கினால் ஒரு நாளைக்கு 5 மில்லிமீற்றருக்குக் குறையாமல் ஆவியாகும். மாதத்துக்கு 15 சென்ரிமீற்றர். இரண்டடி நீர் நான்கு மாதத்தில் முடிந்துவிடும். சித்திரை கடைசியில் வெளி திரும்பவும் காய்ந்து வெளுக்கும். நீர் போகும், அதில் கரைந்திருந்த உப்பு போகாது, அடியிலேயே தங்கும். அடுத்த மாரி அந்த உப்பையே கரைத்துக்கொண்டு தொடங்கும்.

வன்னி நீர் வந்தால்தான் கழுவுவதற்கும் நிறுத்துவதற்கும் சேர்த்து நீர் கிடைக்கும்.

அளவைச்சங்கிலி:
துருசடி ஐயா சொன்னதில் ஒரு இடத்தில் எனக்குத் தயக்கம். 1954இல் இருந்த கனகராயன் ஆறு இப்போது இல்லை. இரணைமடு, அந்த ஆற்றை மறித்து 1920களின் தொடக்கத்தில் கட்டி முடிந்த குளம். பிறகு கட்டம் கட்டமாக உயர்த்தப்பட்டுவிட்டது. குளம் பெருக்கப் பெருக்க, வான் பாய்ந்து ஆனையிறவு ஏரிக்கு வரும் நீர் குறையும். நல்ல மழை ஆண்டில் வரும். சராசரி ஆண்டில் எவ்வளவு என்று பார்த்துத்தான் பேச வேண்டும். கிளிநொச்சி விவசாயிகள் இரணைமடு நீரை யாழ்ப்பாணத்துக்குக் குழாயில் கொண்டுபோவதை எதிர்த்ததற்கும் அடிப்படை இந்தக் கணக்குத்தான். கடைசியில் வடமராட்சி கிழக்குக் கரையில் தாளையடியில் ஒரு நாளைக்கு 24,000 கன மீற்றர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024இல் திறக்கப்பட்டது.

துருசடி:
ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும் ஆறுமுகம் கேட்டது வான் பாய்ந்து கடலுக்குப் போகும் நீரை, குளத்து நீரை அல்ல. விவசாயியின் பங்கில் கை வைக்காத திட்டம் அது. இரணைமடுவுக்குக் கீழே பெய்யும் மழையும், நெத்தலி முதலிய சிற்றாறுகளும் இப்போதும் ஏரிக்குத்தான் வருகின்றன. தாளையடி குடிநீருக்கு, வெளியின் மண்ணையோ கிணறுகளின் அடியையோ அது தொடாது.

களங்கண்டி:
எல்லாரும் ஏரியை இனிப்பாக்கிறதைப் பற்றியே கதைக்கிறியள். அந்த ஏரியிலை தொழில் செய்யிற ஆக்கள் இருக்கினம். வெளியிலை வீடில்லை எண்டதாலை ஆளில்லை எண்டு அர்த்தமில்லை.

இறால் கடலிலை முட்டையிடும், குஞ்சு உவர்த்தண்ணிக்கு வந்து வளரும், பெருத்த பிறகு கடலுக்குத் திரும்பும். களங்கண்டியும் சிறகுவலையும், அதாவது தண்ணிக்குள்ளை தடி நட்டுக் கட்டுற வலைகள், அந்தத் திரும்புற வழியிலைதான் நிக்குது. கதவைப் பிழையான நேரத்திலை இறுக்கிப் பூட்டினால் குஞ்சு உள்ளுக்கு வராது, உள்ளுக்கு நிண்டது வெளியாலை போகாது. முழு ஏரியும் நன்னீரானால் இறால் போய், நன்னீர் மீன்தான் மிஞ்சும். நட்டஈடு, மாற்றுத் தொழில் எண்டு எழுதுறது லேசு. களங்கண்டிப் பாடு பரம்பரை உரிமையாய் ஆளுக்காள் பிரிச்சிருக்கிற விஷயம். அதைப் பணத்தாலை அளக்கேலாது.

துருசடி:
களங்கண்டி தம்பி சொல்வது நியாயம். கதவை எப்போது திறப்பது, எப்போது பூட்டுவது என்பதில்தான் எல்லாருடைய சண்டையும் வந்து நிற்கிறது. ஒழுங்கு இப்படி இருக்க வேண்டும்:

ஐப்பசியில் முதல் மழையோடு கதவு திறந்தே இருக்க வேண்டும். கழுவு நீர் போகட்டும். கார்த்திகை முழுவதும் உள்மட்டம் கடல்மட்டத்தைவிட உயர்ந்திருக்கும்போது திறப்பதும், கடல் ஏறும்போது பூட்டுவதுமாக நாளுக்கு இரண்டு தடவை கவனிக்க வேண்டும். வாடைக்காலத்தில் கடல்மட்டமும் உயர்ந்தே நிற்கும் என்பதை மறந்தால், வெளியேற்றத் திறந்த கதவாலேயே கடல் உள்ளே வரும். மார்கழி நடுவில் அடித்தண்ணீரின் மின்கடத்துதிறனைப் பார்த்துப் பூட்ட வேண்டும். முந்திப் பூட்டினால் உப்பைப் பூட்டி வைக்கிறோம். பிந்திப் பூட்டினால் நீர் கடலுக்குப் போய்விடும். நாட்காட்டியைப் பார்த்துப் பூட்டுவது சரிவராது; மீற்றரைப் பார்த்துப் பூட்ட வேண்டும்.

கதவு பழுதாகும் விதமும் தெரிந்திருக்க வேண்டும். மரப்பலகை வைத்த காலத்தில் வெயிலில் சுருங்கி இடைவெளி விட்டது, சிப்பி ஒட்டித் தவாளிப்பில் இறங்காமல் நின்றது. ஒரு கதவின் அடியில் ஓரங்குல இடைவெளி விட்டால், கோடையில் உள்மட்டம் கடலைவிடத் தாழ்ந்த பிறகு, அதனால் மட்டும் இரவு பகலாய்க் கடல் உள்ளே வந்துகொண்டே இருக்கும். இரும்புக் கதவும் இந்த உப்புக்காற்றில் தாங்காது. றப்பர் விளிம்பை ஆண்டுதோறும் பார்க்க வேண்டும்.

2008 நவம்பரில் நிஷா புயலின்போது யாழ்ப்பாணத்தில் ஒரே நாளில் 380 மில்லிமீற்றருக்கு மேல் பெய்தது. அப்படியான நாளில் கதவு திறக்க முடியாமல் இறுகி நின்றால், வெளி நிறைந்து ஊருக்குள் ஏறும். வெளியின் ஓரத்தைக் கல் கொட்டி நிரவுகிறவர்களும் மதகை அடைக்கிறவர்களும் இதை எண்ண வேண்டும். ஒரு பரப்பு நிரவினால் அந்தப் பரப்பில் நிற்க வேண்டிய இரண்டடி நீர் பக்கத்து வளவில் நிற்கும்.

மட்டுவில் வரம்பு:
கிணறுகளையும் சொல்லுங்கோ ஐயா. வெளியாலை எங்கடை கிணறுக்கு என்ன லாபம் எண்டுதான் வலிகாமத்தார் கேப்பினம்.

துருசடி:
நன்னீர் கடல்நீரைவிட இலேசு. சுண்ணக்கல்லுக்குள் நன்னீர் ஒரு வில்லை மாதிரி உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், கீழே நாற்பதடி அளவு நன்னீர் நிற்கும் என்பது கணக்கு. ஓரடி இறைத்துத் தாழ்த்தினால் அடியில் உப்பு நாற்பதடி ஏறத் தொடங்கும். நவக்கிரி நிலாவரையில் மேலே நன்னீரும் ஆழத்தில் உப்புநீரும் இருப்பது இந்த வில்லையை நேரே பார்ப்பது போல. வெளியில் உப்பு ஏரி நின்றால் வில்லையின் ஓரம் பக்கவாட்டில் அரிக்கப்படும்; நன்னீர் ஏரி நின்றால் ஓரம் தடிக்கும். அச்சுவேலி, புத்தூர், நீர்வேலியின் கிழக்கு ஓரக் கிணறுகளுக்கு முதலில் பலன் தெரியும். நடு வலிகாமத்துக்கு மெதுவாகத்தான் தெரியும். எல்லாக் கிணறும் ஒரே ஆண்டில் இனிக்கும் என்று சொல்கிறவர் சுண்ணக்கல்லை அறியாதவர்.

பழந்தாள்:
வளலாய்க்காற்று முதலில் கேட்ட முனி பற்றியும் ஒரு வரி. வல்லை முனியப்பர் கோயில் வழிபாட்டை அச்சக்கதையாக மட்டும் எழுதாதீர்கள். சோழகம் அடிக்கும் மாதங்களில் நிழலோ மறைவோ இல்லாத வெளி. மாரியில் தடம் தெரியாத நீர். விளக்கு எரியும் ஒரு இடம் வழிப்போக்கனுக்கு எல்லைக்கல் மாதிரி. இப்படிப்பட்ட வெளிகளில் காவல் தெய்வம் இருப்பது தமிழ்நிலம் எங்கும் உள்ள வழக்கம். குடியேறாததற்கு அது காரணம் இல்லை. குடியில்லாத நிலத்தைக் கடப்பதற்கு வைத்த துணை அது.

இன்னொன்று: சுண்டிக்குளம் 1938இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஏரிகள் பற்றிய எந்தத் திட்டத்திலும் பூநாரையின் பங்கும் இருக்கிறது. அது உண்ணும் சிற்றுயிர்கள் உவர்நீரில் வாழ்பவை. சரசாலைக் குருவிக்காட்டுக்கு வரும் பறவைகளுக்கு ஆழமில்லாத நீர் வேண்டும்.

வளலாய்க்காற்று:
எல்லாருக்கும் நன்றி. பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போறதெண்டால் எந்த மாதம், எந்த இடம், என்ன அளக்கலாம்?

அளவைச்சங்கிலி:
ஒரு தடவை போனால் ஒன்றும் தெரியாது. மூன்று தடவை: புரட்டாதி கடைசி, மார்கழி கடைசி, சித்திரை நடு. நான்கு இடம்: தொண்டைமானாற்று அணையின் கடற்பக்கமும் உட்பக்கமும், வல்லைப் பாலம், வண்ணாத்திப் பாலம், கொடிகாமம் – பருத்தித்துறை வீதியில் முள்ளி. ஒவ்வொரு இடத்திலும் நீரின் ஆழம், மின்கடத்துதிறன், கரையிலிருந்து முதல் உமரி, முதல் அறுகு எத்தனை அடி தூரத்தில் என்பதை எழுதச் சொல்லுங்கள். கடற்பக்கத்தில் 50 டெசிசீமன்ஸ் அளவில் காட்டும். மற்ற எண்களை அதோடு ஒப்பிட்டுப் பார்த்தால், கடல் எவ்வளவு தூரம் உள்ளே நடந்து வந்திருக்கிறது என்பது பிள்ளைகளுக்கே தெரியும்.

உமரிப்பற்றை:
மேல் தண்ணியை மட்டும் அள்ளி அளக்காதேங்கோ. மாரியிலை மழைத்தண்ணி மேல மிதக்கும், உப்பு அடியிலை கிடக்கும். நீட்டுத் தடியிலை போத்தலைக் கட்டி, மூடியிலை நூல் கட்டி, அடிக்கு இறக்கின பிறகு நூலை இழுத்துத் திறக்க வேணும். மேல் ஒண்டு, அடி ஒண்டு எண்டு இரண்டு போத்தல். மீற்றரிலை 25 பாகை வெப்பநிலைக்குத் திருத்துற வசதி இருக்கோ எண்டும் முதலே பாருங்கோ. இல்லாட்டி சித்திரை அளவையும் மார்கழி அளவையும் ஒப்பிடேலாது. சேத்துக்குள்ளை இறங்கேக்கை பிள்ளையளுக்குச் சப்பாத்து வேணும், உடைஞ்ச சிப்பி காலை வெட்டும்.

களங்கண்டி:
பாலத்தடியிலை வலை நிண்டால், அதிலை நிக்கிற ஆளிட்டை முதலிலை கேளுங்கோ. எந்த மாதத்திலை எந்த இறால் வருகுது எண்டு கேட்டு, மீற்றர் அளவுக்குப் பக்கத்திலை எழுதி வையுங்கோ.